ஓடுவதற்கு முன் பத்து நிமிடம்

குறுவட்ட விளையாட்டுப் போட்டி. தொடர் ஓட்டத்தில் கடைசிக் கோலை வாங்கி ஓடிய ஒன்பதாம் வகுப்பு மாணவி, முப்பது மீட்டரில் தொடையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "சுளுக்குதான், எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்து நாளில் வலி போனது, ஓடவிட்டேன். அதே இடத்தில் மறுபடியும் காயம். அந்த ஆண்டு அவள் களத்துக்கே வரவில்லை. உடற்கல்வி ஆசிரியரான நான் எங்கே தவறினேன் என்று தேடிக் கற்றவற்றைப் பகிர்கிறேன்.

விரைந்து ஓடும்போது முன்னே வீசப்படும் காலை, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் பின்தொடைத் தசை இழுத்து நிறுத்துகிறது. நீண்டுகொண்டே விசையும் செலுத்த வேண்டிய வேலை அது. வண்டிக்குப் பிரேக் போல. அதற்கான வலு போதாதபோது தசை இழைகள் கிழிகின்றன. கிழிந்ததை நீவியோ சொடுக்கியோ ஒட்டவைக்க முடியாது.

1895இல் அமெரிக்காவில் டி.டி. பாமர் தொடங்கிய கைரோபிராக்டிக், முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அசைத்துச் சிகிச்சை தரும் முறை. வலிக்கும் இடத்தோடு நிற்காமல் இடுப்பும் முதுகும் எப்படி அசைகின்றன என்றும் கவனிக்கும் அதன் பழக்கம் நமக்கும் உதவும். ஆனால், தசைக்கு வலுவைத் திருப்பித் தருவது படிப்படியான பயிற்சிதான்.

உட்கார்ந்து கால்விரலைத் தொடுவதோடு வார்ம்-அப் முடிந்துவிடாது. ஃபிஃபாவின் '11+' பயிற்சியில் மெதுவோட்டம், தசை வலு, சமநிலை, குதித்தல் எல்லாம் உண்டு. முழுதும் செய்ய ஏறத்தாழ 20 நிமிடம். நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள கால்பந்துச் சிறுமிகளிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தன.

நம் பாடவேளைக்கு ஏற்ப நான் பத்து நிமிடமாகச் சுருக்கிக்கொண்டேன்: மெதுவோட்டம், ஒற்றைக்காலில் நிற்றல், குதித்து மெத்தென இறங்குதல், சிறிது சிறிதாக வேகம் கூட்டும் ஓட்டம். உயர்நிலை மாணவர்களுக்கு வாரம் ஒருநாள் இன்னொன்று: மண்டியிட்டு, தோழர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்து மெல்ல முன்னே சாய்தல். ஐந்து முறை வீதம் இரண்டு சுற்றில் தொடங்கினால் போதும். தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு இது தேவையில்லை. நொண்டியும் ஓடிப்பிடித்தலும் போதும்.

ஒருமுறை காயம்பட்ட தசை மீண்டும் காயம்படும் வாய்ப்பு அதிகம். எனவே, நடக்கும்போது வலியில்லை என்பதை மட்டும் பார்த்து ஓட அனுமதிக்காதீர்கள். பாதி வேகம், முக்கால் வேகம், முழு வேகம் என ஒவ்வொன்றையும் வலியின்றிக் கடக்கட்டும். நொண்டி நடந்தாலோ, தொடை கன்றிச் சிவந்தாலோ மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அன்று இதை நான் அறிந்திருந்தால், அவளை இன்னும் சில வாரம் காத்திருக்கச் சொல்லியிருப்பேன்.