"நாளைக்கு வாங்க"ன்னு சொல்றதுக்கு முன்னாடி: உதவித்தொகை பிரிவில் கோபத்தோடு வர்றவங்களைக் கையாள்வது எப்படி?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு முக்கியமா மேசைக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு. தாலுகா ஆபீஸ்ல சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவு, இ-சேவை மையம், முகாம்ல மனு வாங்குற இடம்னு எங்கயாவது தினமும் வரிசையா ஆட்களுக்குப் பதில் சொல்ற வேலையா? அப்போ இது உங்களுக்குத்தான். வெளிப்பக்கம் நிக்கிறவங்களும் கேளுங்க, கடைசியில உங்களுக்கும் ஒண்ணு இருக்கு.

"ஜனங்களுக்குப் பொறுமையே இல்லைங்க"ன்னு அலுவலகங்கள்ல அடிக்கடி கேக்குறோம். உண்மையிலேயே பொறுமை இல்லையா, இல்ல வேற ஏதாவதா? அதைப் பார்ப்போம்.

கோபத்துக்குப் பின்னாடி ஒரு கணக்கு

முதியோர், விதவை உதவித்தொகை 2023 ஆகஸ்ட்ல 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாச்சு. மாசச் சம்பளக்காரருக்கு இது சின்னத் தொகையாத் தெரியலாம். தனியா இருக்கிற ஒரு ஆத்தாவுக்கு இதுதான் மாத்திரை, மளிகை எல்லாம். ஒரு மாசம் வரலைன்னா கடைக்காரர்கிட்ட கடன் சொல்லணும்.

அதைக் கேக்க வர்றதுக்கும் செலவு இருக்கு. கூட மகளோ மருமகளோ வரணும். திருப்பூர் பனியன் கம்பெனியில பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவங்களுக்கு ஒரு நாள் போகலைன்னா அன்னைக்குக் கூலி இல்லை. சோமனூர் பக்கம் தறி ஓட்டுறவங்களுக்கும் அப்படித்தான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு வால்பாறையிலிருந்து கோவை கலெக்டர் ஆபீசுக்கு வர்றவர், 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்திருக்கார்.

அவர்கிட்ட "நாளைக்கு வாங்க"ன்னா உங்களுக்கு அது ரெண்டு வார்த்தை. அவருக்கு இன்னொரு நாள் கூலி, இன்னொரு தடவை பஸ் காசு. மூணாவது தடவை வந்து சத்தம் போடுறார்னா, முந்தின ரெண்டு நாளுக்கும் சேர்த்துப் போடுறார். அந்த ரெண்டு நாளும் நீங்க லீவுல இருந்திருக்கலாம். ஆனா அவருக்கு முன்னாடி இப்போ இருக்கிற ஆள் நீங்கதான்.

தெரியாம காத்திருக்கிறதுதான் கஷ்டம்

இதே மக்கள்தான் தைப்பூசத்துக்கு நாள்கணக்கா நடந்து பழனிக்குப் போறாங்க. அங்க போயும் மணிக்கணக்கா வரிசையில நிக்கிறாங்க. இவங்களைப் பொறுமை இல்லாதவங்கன்னு சொல்ல முடியுமா? அங்க வரிசை நகர்றது கண்ணுக்குத் தெரியுது, போய்ச் சேர்ற இடமும் தெரியுது.

காத்திருப்பின் மனநிலை பத்தி டேவிட் மைஸ்டர் 1985ல ஒரு கட்டுரை எழுதினார். இன்னைக்கும் பலர் அதை எடுத்துக்காட்டுறாங்க. எவ்வளவு நேரம்னு தெரியாத காத்திருப்பு, தெரிஞ்ச காத்திருப்பைவிட நீளமாத் தோணும். காரணம் சொல்லாத காத்திருப்பும் அப்படித்தான். நியாயமில்லாத வரிசை இன்னும் நீளம்.

நம்ம ஊர் உதாரணம் எடுத்துக்குவோம். 2023 செப்டம்பர் 15ல கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்குச்சு. சுமார் 1.63 கோடி பேர் விண்ணப்பிச்சாங்க, 1.06 கோடி பேருக்குக் கிடைச்சுது. மீதி 50 லட்சத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு ஏன் கிடைக்கலைன்னு குறுஞ்செய்தியில காரணம் சொல்லி, 30 நாளுக்குள்ள இ-சேவை வழியா மேல்முறையீடு செய்யலாம்னு அறிவிச்சாங்க.

அப்போ உதவி மையத்துல உட்கார்ந்திருந்தவர் ரெண்டு விதமா பதில் சொல்லியிருக்கலாம். ஒண்ணு: "உங்களுக்குத் தகுதி இல்லை." பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்திருக்கு, எனக்கு மட்டும் என்ன தகுதி இல்லைன்னு அங்கயே சண்டைதான்.

ரெண்டாவது: "உங்க வீட்டு மீட்டர்ல வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல காட்டுதுங்க அம்மா. ரெண்டு, மூணு குடித்தனத்துக்கு ஒரே மீட்டரா? அப்படின்னா அதைச் சொல்லி மேல்முறையீடு போடுங்க, கோட்டாட்சியர் விசாரிப்பார்." இதுலயும் பணம் கிடைக்கல. ஆனா காரணம் தெரிஞ்சுது, அடுத்த படியும் தெரிஞ்சுது.

மூணு வரிப் பதில்

அதனால எந்த மனுவுக்கும் மூணு விஷயம் சொல்லிப் பழகுங்க.

1. மனு இப்போ எங்க இருக்கு?
2. அடுத்து யார், என்ன செய்யணும்?
3. எப்போ, எப்படித் தெரிஞ்சுக்கலாம்?

உதவித்தொகை மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை முடிஞ்சு தனி தாசில்தார்கிட்ட வரணும். "மேல போயிருக்கு"ன்னா அது எங்கன்னு யாருக்கும் புரியாது. "ஆர்.ஐ. விசாரணையில இருக்குங்க. வீட்டுக்கு வர்றப்ப ரேஷன் கார்டு, ஆதார் எடுத்து வைங்க. அடுத்த வாரம் புதன்கிழமைக்கு மேல இந்த நம்பருக்குக் கூப்பிட்டுட்டு வாங்க, சும்மா அலைய வேண்டாம்"னா புரியும். தேதி உறுதியாத் தெரியலைன்னா ஒரு தேதியைக் கற்பனையாச் சொல்லிடாதீங்க. எப்போ விசாரிச்சா தெரியும்னு மட்டும் சொல்லுங்க.

பேங்க் விவகாரம் தனி. முன்னெல்லாம் தபால்காரர் மணியார்டர் கொண்டு வருவார். வரலைன்னா கேக்க ஒரே ஆள். இப்போ பேங்க்ல கேட்டா ஆபீஸ் போங்கறாங்க, ஆபீஸ்ல கேட்டா பேங்க் போங்கறாங்க. ஒரு துண்டுச் சீட்டுல "பணம் இந்தத் தேதியில அனுப்பியாச்சு, கணக்கு நிலையைப் பார்க்கவும்"னு எழுதிக் குடுங்க. படிக்கத் தெரியாதவங்களும் அதை நீட்டினாப் போதும்.

சர்வர் படுத்துட்டா? வரிசையில ஒரு மணி நேரம் நின்னு மேசைக்கு வந்த பிறகு சொல்லாதீங்க. படுத்த உடனே எந்திரிச்சு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி ஒரே தடவை சொல்லுங்க.

சத்தம் ஏறும்போது

"ஏன் சாமி, இன்னும் எத்தனை தடவை நடக்க வெப்பீங்க?"ன்னு ஒரு பெரியவர் கேக்கறார். "கத்தாதீங்க"ன்னா இன்னும் ஏறும். "நான் என்ன பண்றது"ன்னா மதிக்கலைன்னு ஆயிடும். அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்க: "மூணு மாசமா பணம் வரலைங்க, இது நாலாவது தடவை வர்றீங்க, சரிங்களா? உட்காருங்க, பார்த்துச் சொல்றேனுங்க." கேட்டாச்சுன்னு தெரிஞ்சா பெரும்பாலும் குரல் தானா இறங்கும்.

கொங்குப் பக்கம் "ங்க" போறது சின்ன விஷயம் இல்லை. "சொல்லுங்க" சட்டுன்னு "சொல்லு"ன்னு ஆனா, அதுக்கப்புறம் பிரச்சினை பென்ஷன் இல்லை, மரியாதை.

ஆனா ஒரு எச்சரிக்கை. சத்தம் போட்டவர் ஃபைலை மட்டும் முதல்ல எடுக்காதீங்க. எடுத்தா, கத்தினாத்தான் வேலை நடக்கும்னு வரிசை முழுக்கப் பாடம் நடத்தின மாதிரி. கடைசியில பேசாம உட்கார்ந்திருக்கிற விதவைப் பெண்ணோட ஃபைல் அடியிலயே கிடக்கும். மைக்கேல் லிப்ஸ்கி 1980ல கடைநிலை அரசு ஊழியர்களைப் பத்தி எழுதின புத்தகம் இதைத்தான் விளக்குது. சட்டம் எங்கயோ எழுதுறாங்க. யாருக்கு அது கிடைக்குதுங்கிறது நடைமுறையில இந்த மேசையிலதான் முடிவாகுது. கோபத்துக்குப் பதில் சொல்லுங்க, வரிசையை மாத்தாதீங்க. நடக்க முடியாதவங்க, கைக்குழந்தைக்காரங்களுக்கு முன்னுரிமை குடுத்தா, ஏன்னு எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க.

கை ஓங்கினா, ஃபைலைப் பிடுங்கினா அது வேற. எந்திரிச்சு விலகி மேலதிகாரியைக் கூப்பிடுங்க. அரசு ஊழியரைத் தாக்குறதுக்கு எதிரா பாரதிய நியாய சன்ஹிதா 132ஆவது பிரிவு இருக்கு. ஆனா பேச்சு ஆரம்பிக்கும்போதே சட்டத்தைக் காட்டினா, வெறும் வருத்தத்தோட வந்தவரையும் எதிரியாக்கிடுவோம்.

தனி ஆள் பொறுமை மட்டும் போதாது

ஒரே ஆள் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சிரிச்ச முகமா இருக்க முடியாதுங்க. டோக்கன், பெஞ்சு, குடிதண்ணி, என்ன காகிதம் வேணும்னு வாசல்லயே ஒரு பலகை, மத்தியானம் மேசைக்கு ஆள் மாத்துறது – இதெல்லாம் அலுவலகம் செய்ய வேண்டியது. 2023 டிசம்பர் 18ல கோவையில தொடங்கின 'மக்களுடன் முதல்வர்' மாதிரி முகாம்கள்ல பல துறையும் ஒரே இடத்துல உட்கார்றதுக்கும் இதுதான் காரணம்: ஆள் அலையறது குறையணும். ஆனா மனு வாங்கின வேகத்துல பதிலும் போகணும். இல்லைன்னா அந்தக் கூட்டம் மறுபடி உங்க மேசைக்குத்தான் வரும்.

வெளிப்பக்கம் நிக்கிறவங்களுக்குச் சொன்ன விஷயம் இதுதான். ஒப்புகைச் சீட்டு இல்லாம மனுவைக் குடுத்துட்டு வராதீங்க. மேசையில இருக்கிறவர் அந்த மூணு வரியைச் சொல்லலைன்னா நீங்களே கேளுங்க: "எங்க இருக்குங்க? அடுத்து என்னங்க? எப்போ வரட்டுங்க?" சண்டை போட வேண்டியதில்லை. பதில் வர்ற வரைக்கும் நகராம கேட்டாப் போதும்.

அடுத்த எபிசோடுல பார்ப்போமுங்க.