திட்டம் ஏப்ரலில், நோய் டிசம்பரில்: சி.எஸ்.ஆர். நிதிக்கு நெகிழ்வு வேண்டும்

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே விடுதியில் தங்கியிருந்த பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 150-க்கும் மேற்பட்டோர் கெட்டுப்போன உணவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் அமர்ந்தார்கள். அதற்கு முன் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம், 2020-இல் கொரோனா. குன்றத்தூர், ஒரகடம் வட்டாரத்தில் இயங்கும் எந்தத் தொண்டு நிறுவனமும் இவற்றை ஏப்ரல் மாதத் திட்டத்தில் எழுதியிருக்க முடியாது.

கம்பெனிகள் தரும் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) பணமோ பெரும்பாலும் அந்தத் திட்டத்துக்கென்றே வருகிறது. இத்தனை கண் முகாம், இத்தனை ரத்தப் பரிசோதனை என்று ஒப்பந்தம் போட்டபின், விடுதியில் வயிற்றுப்போக்கு பரவினால் வண்டியைத் திருப்ப யாரிடம் அனுமதி கேட்பது?

சட்டம் தடுக்கிறதா?

இல்லை. 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. ஒரு திட்டத்தைத் தொடங்கிய ஆண்டுக்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் நடத்தலாம். நிர்வாகச் செலவுக்கான 5 விழுக்காடு உச்சவரம்பு கம்பெனியின் சொந்தச் செலவுக்கு மட்டுமே, தொண்டு நிறுவனத்துக்கு அல்ல என்று 2021-இல் மத்திய அரசு விளக்கமும் தந்தது.

சென்னை காட்டிய வழி

கேட்ஸ் அறக்கட்டளை 2003-இல் தொடங்கிய ‘ஆவாஹன்’ எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தைத் தமிழகத்தில் நடத்தியது, டாக்டர் கே.எஸ். சஞ்சீவி சென்னையில் நிறுவிய வி.எச்.எஸ். (வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ்) மருத்துவமனை. நன்கொடையாளர் விலகும் நாள் வந்தபோது பணம் ஒரே நாளில் நிற்கவில்லை. ஆவாஹன் நடந்த ஆறு மாநிலங்களில் 2009, 2011, 2012 என மூன்று கட்டங்களாகத் திட்டம் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன்பே செலவுகள் அரசு அளவுகளுக்கு இறக்கப்பட்டன. களப்பணியாளர்கள் அரசுப் படிவங்களில் பழகினார்கள்.

2025-இல் அமெரிக்க உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் மூடப்பட்டபோது பல நாடுகளின் மருத்துவத் தொண்டு அமைப்புகளுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

நிறுவனங்கள் என்ன செய்யலாம்?

ஒரகடம் வட்டாரத்தின் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இவ்வளவு பேர் ஒரே இடத்தில் உண்டு உறங்கும்போது குடிநீர், சமையல், காசநோய், மனநலம் எல்லாமே புதுக் கவலைகள். அடுத்த ஒப்பந்தத்தை மூன்றாண்டுக்குப் போடுவதும், அதில் ஒரு பங்கைக் களத்தின் முடிவுக்கே விடுவதும், விலகுவதானால் ஓராண்டு முன்பே சொல்வதும் கம்பெனிகளின் கையில்தான் இருக்கின்றன.