கத்தி கிடைத்தது, உறை எங்கே?

சில ஆண்டுகளுக்கு முன் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குச் செல்லும் வழியில் உள்ள ஒரு சிற்றூரில் பழைய கத்தி ஒன்றை விலைக்கு வாங்கினேன். கொல்லர் கையால் அடித்தது. முதுகு தடித்து, நுனி சற்றே வளைந்திருந்தது. உறை எங்கே என்று விற்ற பெரியவரிடம் கேட்டேன். "அது எங்கப்பா காலத்துலயே கரையான் அரிச்சுப் போச்சுங்க ஐயா" என்றார்.

பின்னர், பழம்பொருள் வணிகர் ஒருவர் தோலுறை ஒன்றைக் கொண்டுவந்தார். கத்தி அதற்குள் ஏறத்தாழப் பொருந்தியது. "இரண்டும் ஒரே சோடி என்றே சொல்லிக்கொள்ளலாம், மதிப்பு கூடும்" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

கத்தியும் உறையும், பொருளியல் மொழியில், நிரப்புப் பண்டங்கள். ஒன்றின் பயன் மற்றதைச் சார்ந்தது. ஆனால், இரண்டின் ஆயுள் ஒன்றன்று. இரும்பு தலைமுறைகளைக் கடந்து நிற்கும். தோலும் மரமும் ஈரத்துக்கும் கரையானுக்கும் இரையாகிவிடும். கத்தியை அடித்தவர் கொல்லர். உறையைச் செய்தவர் தோல் தொழிலாளியோ தச்சரோ ஆவார். உறை அழியும்போது அந்த இரண்டாவது தொழிலாளியின் சான்றே அழிந்துவிடுகிறது. பழங்கத்திகளுக்கு உரிய உறை கிடைப்பது அரிதாக இருப்பதும், கிடைத்தால் விலை உயர்வதும் இதனால்தான்.

இந்த வட்டாரத்துக்கு உலோக வரலாற்றில் தனி இடம் உண்டு. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேல்சிறுவள்ளூரில் மூசை எஃகு உருவாக்கப்பட்டதற்கான சான்றுகளை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1994-இல் வெளியிட்டார். இரும்புத் துண்டுகளையும் தாவரப் பொருள்களையும் களிமண் மூசையில் இட்டு மூடி, நீண்ட நேரம் உலையில் வைத்து, மெல்ல ஆறவிடுவது அந்த முறை. கரிமம் ஏறிய அந்த எஃகே மேலைநாடுகளில் 'வூட்ஸ்' எனப் புகழ்பெற்றது. 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே 1819-இல் இதை ஆராய்ந்தார்.

தென்னாட்டில் மூசையில் இடப்பட்ட தாவரங்களுள் ஆவாரையும் ஒன்று. அதன் பட்டையே தமிழகத்தில் தோல் பதனிடவும் பயன்பட்டது. எஃகுக்கும் தோலுறைக்கும் ஒரே செடி உதவியிருக்கிறது.

இதனால் இப்பகுதியில் கிடைக்கும் பழங்கத்தி எல்லாம் வூட்ஸ் என்று எண்ணிவிடக் கூடாது. பட்டறைகளில் நெடுங்காலமாகவே பழைய லாரிகளின் வில்பட்டையிலிருந்துதான் கத்தி அடிக்கிறார்கள். உறுதியான கத்திதான், ஆனால், லாரி வருவதற்கு முந்தைய காலத்தை அதற்குச் சூட்ட முடியாது.

உறை உரியதுதானா என்று அறியச் சில வழிகள் உண்டு. அலகின் வளைவும் உறையின் வளைவும் ஒத்துப்போக வேண்டும். நெடுநாள் ஒன்றாக இருந்திருந்தால், உறையின் வாய்ப்பகுதியில் அலகு உரசிய தேய்மானமும் துருக்கறையும் அந்த அலகுக்கு ஏற்ற இடத்திலேயே இருக்கும். தோல் பழையதாகவும் தையல் நூல் புதியதாகவும் இருந்தால், பிற்காலத்தில் பழுதுபார்த்தது என்று பொருள். எனக்குக் காட்டப்பட்ட உறையில் தேய்மானம் இருந்தது. ஆனால், என் கத்தியைவிட அகன்ற வேறோர் அலகின் தேய்மானம் அது.

இரு வேறு இடங்களிலிருந்து வந்தவற்றைச் சேர்த்து ஒரு சோடி என விற்பதால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு விடை இருக்கிறது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவும் அந்த ஆய்வே அடிப்படை. விற்பவருக்குத் தெரிந்த உண்மை வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், வாங்குபவர் எல்லாவற்றையும் ஐயுற்றுக் குறைந்த விலையே தருவார். நல்ல பொருள் வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுவார், போலியே மிஞ்சும். இங்கு இழப்பு பணத்தோடு முடிவதில்லை. தவறான சோடி ஒன்று, எந்த ஊரில் யார் எதைச் செய்தார்கள் என்ற வரலாற்றையே திரித்துவிடும்.

பிரிந்தவற்றை மீண்டும் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்குத் தஞ்சை சாட்சி. 1860-களில் அரண்மனை ஆயுதச் சாலை கலைக்கப்பட்டு, பெரும்பகுதி பழைய இரும்பாக விற்கப்பட்டது. தப்பியவற்றுள் சில சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

சேகரிப்போர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருள்களை உரிமமின்றி வணிகம் செய்ய இயலாது. தனியார் அவற்றை ஏற்றுமதி செய்யவும் தடை உண்டு. ஆயுதச் சட்ட விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத் தனி வகையில் வைக்கின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் உரிய கத்திகளுக்கு அதில் விலக்கு உண்டு.

பராமரிப்பிலும் கவனம் தேவை. தோலில் உள்ள துவர்ப்பொருளும் ஈரமும் இரும்பை அரிக்கும் என்பதால், கத்தியை நெடுநாள் தோலுறைக்குள் விட்டுவைக்கக் கூடாது. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். மீண்டும் உலையில் காய்ச்சி அடித்தால் பழைய எஃகின் தன்மையே மாறிவிடும்.

வணிகரின் உறையை நான் வாங்கவில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது நினைவுக்கு வந்தது. சின்னசேலம் பகுதிச் சிற்பி ஒருவரிடம் கத்தியைக் கொடுத்து, அதன் வளைவுக்கு ஏற்ப வாகை மரத்தில் புதிய உறை செய்யச் சொன்னேன். இரு பாதிகளைக் குடைந்து ஒட்டினார். மெருகேற்றிப் பழையதுபோல் ஆக்கித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உறையின் பின்புறத்தில் அவர் பெயரையும் ஊரையும் செய்த ஆண்டையும் பொறிக்கச் செய்தேன்.

கத்தியை அடித்த கொல்லரின் பெயர் நமக்குத் தெரியாது. கேட்டு எழுதிவைக்க அன்று ஆளில்லை. இன்று உறை செய்பவரின் பெயரையாவது எழுதிவைப்போம். பழங்கத்தி வைத்திருப்போர் அது எந்த ஊரில், யாரிடமிருந்து, எந்த ஆண்டில் வந்தது என்று ஒரு தாளில் குறித்து, அதனுடன் வைத்தால் போதும். அடுத்த தலைமுறைக்கு அதைவிடப் பொருத்தமான உறை வேறில்லை.