சாலைச் சாவுக்கு எதிராக ஒரு யுத்தம்

விக்டோரியா ராஜ்யத்தின் ஐம்பது வருஷ அனுபவம்

1970-ம் வருஷம், நவம்பர் மாதம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து ஜனங்கள் பொழுது விடிந்ததும் கையில் எடுக்கும் "ஸன்" பத்திரிகையில் ஒரு யுத்தப் பிரகடனம் வெளியாயிற்று. எந்த நாட்டின் மீது? எந்த நாட்டின் மீதும் அல்ல. ஓர் எண்ணின் மீது!

"1034-ன் மீது போர் தொடுப்போம்!"

இதுதான் அந்தப் பிரகடனம். அதற்கு முந்திய 1969-ம் வருஷத்தில் விக்டோரியா ராஜ்யத்தின் சாலைகளில் மாண்டவர்களின் தொகை 1034. அந்த ராஜ்யத்தின் தலைநகரம் மெல்போர்ன். பரப்பில் விக்டோரியா நம் தமிழ்நாட்டைவிடப் பெரியது. ஆனால் அந்நாளில் அதன் ஜனத்தொகை 35 லட்சங்கூட இல்லை. அந்தக் கொஞ்சம் பேரிலிருந்து வருஷத்துக்கு ஆயிரம் பேரைச் சாலைகள் விழுங்கிக்கொண்டிருந்தன.

தினம் இரண்டு பேர், மூன்று பேர் என்று சாகும்போது அது பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி. படிப்பவர் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். வருஷம் முழுவதையும் கூட்டி ஒரே எண்ணாக்கி, அதையே எதிரி என்று கண்முன் நிறுத்தினால் அப்படிப் புரட்டிவிட முடியுமா? பத்திரிகையின் ஆசிரியர் ஹாரி கார்டன், கொரிய யுத்தத்தை நேரில் பார்த்து எழுதிய நிருபர். யுத்தத்தில் பலியானவர்களின் கணக்கு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பிரகடனம் வெளியான அந்த வருஷம் முடிந்தபோது பலிக் கணக்கு 1034-ஐயும் தாண்டி 1061 ஆகிவிட்டது.

இடுப்பில் ஒரு வார்

யுத்தத்துக்கு ஆயுதம் வேண்டுமே? அது ஏற்கெனவே தயாராக இருந்தது. புதிதாக விற்பனைக்கு வந்த கார்களில் சீட் பெல்ட் இருந்தது. ஆனால் பெரும்பாலோர் அதை மாட்டிக்கொள்வதில்லை. ஆசனத்துக்குப் பக்கத்தில் அது பாட்டுக்குச் சுருண்டு கிடந்தது.

பெல்ட்டை மாட்டாதவர்களின் கதி என்ன ஆகிறது என்பதை நன்றாக அறிந்தவர்கள் ஆஸ்பத்திரியில் கத்தி பிடிக்கும் டாக்டர்கள். கார் மரத்தில் மோதி நிற்கிறது. கார்தான் நிற்கிறது, உள்ளே இருப்பவரின் உடம்பு நிற்பதில்லை. அது அதே வேகத்தில் முன்னால் பாய்கிறது. மார்பு ஸ்டியரிங்கில் மோதி நசுங்குகிறது. முகம் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போகிறது. இத்தகைய முகங்களை இரவு பகலாகத் தைத்துத் தைத்துச் சலித்துப்போனவர்கள், அந்நாட்டு அறுவை சிகிச்சை டாக்டர்களின் ராயல் கல்லூரியைச் சேர்ந்தவர்கள். காயங்களின் விவரங்களைத் திரட்டிச் சட்டசபைக் கமிட்டியின் முன்னால் வைத்தார்கள். பெல்ட் போடுவதை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிடக் கூடாது, சட்டமாக்க வேண்டும் என்று வாதாடினார்கள்.

இதற்கு ஆட்சேபம் இல்லாமல் போகுமா? "கார் தீப்பிடித்தால் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு சாக வேண்டியதுதானா? ஆற்றில் விழுந்தால் எப்படி வெளியே வருவது?" என்றார்கள் சிலர். "என் காரில் நான் எப்படி உட்கார்ந்தால் சர்க்காருக்கு என்ன?" என்பது இன்னொரு கட்சி. முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: தீயிலும் நீரிலும் முடியும் விபத்துக்கள் மிகச் சில, அப்போதுங்கூடத் தப்பி வெளியே வருவதற்கு மனிதனுக்கு முதலில் பிரக்ஞை இருக்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குத்தான் இன்றுவரை உலகத்தில் முழு விடை கிடைக்கவில்லை. ஆனால் சொந்த உடம்பு என்று பேசுகிறவரைத் தைத்து எடுக்கும் செலவு ஊராருடையது என்பதை டாக்டர்கள் மறக்காமல் சுட்டிக் காட்டினார்கள்.

1970 டிசம்பர் 22-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. காரில் பெல்ட் இருந்தால் அதை மாட்டிக்கொண்டே தீரவேண்டும் என்று உலகத்தில் முதல் முதலாகச் சட்டம் செய்தது விக்டோரியாதான். மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று 1961-லேயே சட்டம் செய்து முதலிடம் பெற்றதும் இதே ராஜ்யம். 1971-ம் வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்த்தார்கள். 923! ஒரே வருஷத்தில் 138 பேர் குறைவு. ஆஸ்திரேலியாவின் மற்ற ராஜ்யங்களும் கொஞ்ச நாளில் இதே சட்டத்தைச் செய்துகொண்டன.

ஊதிக் காட்டு!

அடுத்த எதிரி மது. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 0.05 கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது என்று 1966-லேயே வரம்பு கட்டியிருந்தார்கள். ஆனால் தள்ளாடுகிறவனைத்தானே போலீஸ்காரர் சந்தேகிப்பார்? தள்ளாடாமல் குடித்துவிட்டு ஓட்டுகிறவன் தப்பித்துக்கொண்டிருந்தான். 1976-ல் முறை மாறியது. சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வருகிற வண்டியை நிறுத்தி "ஊதிக் காட்டு" என்று கேட்கும் அதிகாரத்தைப் போலீஸாருக்குக் கொடுத்தார்கள். பாதிரியாராயிருந்தாலும் சரி, மந்திரியாயிருந்தாலும் சரி, ஊத வேண்டியதுதான்.

இவ்வளவும் செய்தபின் கணக்கு இறங்கியது உண்மை. 1980-ல் 657. அதற்கப்புறம் நகரவில்லை. ஏறுவதும் இறங்குவதுமாக ஒன்பது வருஷம் தள்ளாடி, 1989-ல் 776-க்கு வந்து நின்றது. சட்டம் புஸ்தகத்தில் இருந்தது. பயம் சாலையில் இல்லை.

பணம் கொடுப்பவரின் கணக்கு

இந்த இடத்தில்தான் விக்டோரியாவின் கதை மற்ற இடங்களின் கதையிலிருந்து பிரிகிறது. வாசகர்கள் சற்றுக் கவனித்துப் படிக்க வேண்டிய பகுதி இது.

1986-ல் அங்கே ஒரு சட்டம் நிறைவேறியது. அதன்படி 1987 முதல் போக்குவரத்து விபத்துக் கமிஷன் என்ற சர்க்கார் ஸ்தாபனம் வேலை செய்யத் தொடங்கியது. வண்டியைப் பதிவு செய்துகொள்ளும் ஒவ்வொருவரும் பதிவுக் கட்டணத்தோடு இந்தக் கமிஷனுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட வேண்டும். வண்டி மோதி ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், குற்றம் யாருடையது என்று பார்க்காமல் கமிஷன் செலவை ஏற்றுக்கொள்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்தில் ஒரு பகுதி, சக்கர நாற்காலி, வீட்டில் வந்து பார்த்துக்கொள்ளும் தாதிக்குச் சம்பளம், எல்லாவற்றுக்கும்.

பத்தொன்பது வயதுப் பையன் கழுத்தெலும்பு முறிந்து கை கால் விளங்காமல் படுத்துவிட்டால்? அவன் எழுபது வயது வரை இருந்தால் எழுபது வயது வரைக்கும் செலவு. செத்தவனுக்குச் செலவு ஒரு தடவை. பிழைத்துப் படுத்தவனுக்கு ஆயுள் முழுவதும். கேட்கக் கொடூரமாக இருக்கிறதல்லவா? ஆனால் இந்தக் கொடூரமான கூட்டல் கணக்கிலிருந்துதான் உயிர்களைக் காக்கும் யோசனை பிறந்தது. விபத்து நடந்தபின் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை, நடக்காமல் தடுப்பதற்குச் செலவிட்டால் லாபம் அல்லவா?

மற்ற இடங்களில் ரோடு போடுகிறவர் ஒருவர், வழக்குப் போடுகிறவர் ஒருவர், ஆஸ்பத்திரி நடத்துகிறவர் ஒருவர். விபத்தின் நஷ்டம் முழுவதும் எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. ஆகவே எவருக்கும் உறுத்துவதில்லை. விக்டோரியாவில் அது ஒரே பேரேட்டில் ஏறியது. உறுத்தியது.

கமிஷன் தன் பணத்திலிருந்து போலீஸாருக்கு வேகத்தைப் படம் பிடிக்கும் காமிராக்களை வாங்கிக் கொடுத்தது. மூச்சுச் சோதனை நடத்துவதற்கென்று பெரிய பெரிய பஸ்களை வாங்கிக் கொடுத்தது. சாலையோரத்தில் அந்த பஸ் நின்றால், தூரத்திலிருந்தே தெரியும். தெரியவேண்டும் என்பதே நோக்கம்.

1989 டிசம்பரில் டெலிவிஷனில் கமிஷனின் முதல் விளம்பரம் வந்தது. அழகான படம் அல்ல. ஆஸ்பத்திரி. உயிருக்கு மன்றாடும் ஒரு பெண். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய அவளுடைய காதலன் அங்கே கதறுகிறான். கடைசியில், "குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் நீ ஒரு மடையன்" என்ற வாசகம். மடையனுக்கு முன்னால் ஒரு வசைச் சொல்லும் உண்டு. பெரியவர்கள் முன்னிலையில் சொல்லத் தகாத சொல். சர்க்கார் ஸ்தாபனம் இப்படிப் பேசலாமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அந்த வாசகம் ஊரெங்கும் வழக்கில் வந்துவிட்டது.

பிறகு நடந்ததைக் கணக்கே சொல்லட்டும். 1989-ல் 776. 1990-ல் 548. 1991-ல் 503. 1992-ல் 396. மூன்று வருஷத்தில் ஏறக்குறையப் பாதி!

இதில் முழுப் பெருமையையும் காமிராவுக்கும் விளம்பரத்துக்கும் கொடுத்துவிடுவது சரியல்ல. அந்த வருஷங்களில் விக்டோரியாவில் வியாபாரம் படுத்து, வேலையில்லாத் திண்டாட்டம் அதிகரித்திருந்தது. கையில் காசு இல்லாவிட்டால் சனிக்கிழமை இரவு கார் எங்கே போகும்? இதையும் ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கில் சேர்த்தார்கள். ஆனால் வியாபாரம் மறுபடி நிமிர்ந்த பின்னும் 776 திரும்பி வரவில்லை.

வெறும் ஐந்து கிலோ மீட்டர்

அடிலெய்ட் சர்வகலாசாலையில் 1997-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. 60 கிலோ மீட்டர் வரம்புள்ள சாலையில் வேகம் ஐந்து கிலோ மீட்டர் கூடினால், காயம் விளைவிக்கும் விபத்தில் சிக்கும் அபாயம் இரட்டிப்பாகிறது. இன்னும் ஐந்து கூடினால் மறுபடி இரட்டிப்பு. 60-ல் போகிறவர் பிரேக் போட்டு நிறுத்திவிடும் இடத்தில், 65-ல் போகிறவர் இன்னும் சுமார் 30 கிலோ மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். குறுக்கே ஓடிவந்த குழந்தைக்கு அந்த வித்தியாசம் போதும்.

"அஞ்சு கிலோ மீட்டர்தானே" என்ற எண்ணத்தை ஒழிக்க 2001-ல் தனியாக ஒரு பிரசாரமே நடத்தினார்கள். அதே வருஷம் குடியிருப்புத் தெருக்களில் வரம்பை 60-லிருந்து 50 ஆக்கினார்கள். 2002-ல் ஐந்து வருஷத்துக்கு ஒரு திட்டம் போட்டார்கள். காமிராக்கள் பெருகின. 2001-ல் 444 ஆக இருந்த பலி 2003-ல் 330 ஆயிற்று.

ஜனங்களுக்கு இது பிடித்ததா என்றால், பிடிக்கவில்லை. "உயிரைக் காக்கவா காமிரா? கஜானாவை நிரப்பத்தான்" என்று பேசினார்கள். அதற்குத் தகுந்தாற்போல் 2003-ல் ஒரு கூத்தும் நடந்தது. மெல்போர்னின் மேற்கு வட்டச் சாலையில் இருந்த ஒரு காமிரா, பழைய டாட்சன் கார் ஒன்று 158 கிலோ மீட்டர் வேகத்தில் பறந்ததாக எழுதிவிட்டது! அந்தக் கிழட்டுக் காரை மலையிலிருந்து உருட்டிவிட்டாலும் அந்த வேகம் வராது. ஊரே சிரித்தது. சோதித்துப் பார்த்ததில் பழுது காமிராவில் என்று தெரிந்தது. சர்க்கார் ஏராளமான அபராதங்களை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அபராதம் வாங்கும் யந்திரத்தின்மேல் நம்பிக்கை போனால் சட்டத்தின்மேலும் போகும் என்பதால், நஷ்டத்தைப் பார்க்காமல் இதைச் செய்தது புத்திசாலித்தனமே.

அடிபட்டவர்களைக் காப்பாற்றுவதற்கும் ராஜ்யம் முழுவதற்கும் ஒரே ஏற்பாடு வந்தது. பலத்த காயம் பட்டவரை அருகில் உள்ள சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நேரத்தை வீணாக்குவதில்லை. மெல்போர்னில் பெரியவர்களுக்கு ஆல்ஃப்ரெட், ராயல் மெல்போர்ன் என்று இரண்டு ஆஸ்பத்திரிகள், குழந்தைகளுக்கு ஒன்று. தூரத்திலிருந்து ஹெலிகாப்டரில் நேரே அங்கேதான்.

லைசென்ஸ் விஷயத்திலும் கண்டிப்பு உண்டு. பதினெட்டு வயதுக்கு முன் கார் லைசென்ஸ் கிடையாது. 21 வயதுக்கு உட்பட்டவர்கள், பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 120 மணி நேரம் ஓட்டிக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது 2007-ல் வந்த விதி. அப்பாவும் அம்மாவும் மாறி மாறிப் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டு, 120 மணி நேரத்தைக் கழிக்கிறார்கள்!

தவறுகிற மனிதன்

2016-ல் கமிஷன் ஒரு பொம்மையைக் காட்சிக்கு வைத்தது. பாட்ரிஷியா பிச்சினினி என்ற சிற்பி செய்தது. பெயர் கிரஹாம். பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். கழுத்தே இல்லை. பெரிய மண்டை, சதை மெத்தையிட்ட தட்டை முகம், விலா எலும்புகளுக்கு நடுவே காற்றுப் பைகள், எந்தப் பக்கமும் மடங்கும் முழங்கால். ஓர் அறுவை சிகிச்சை டாக்டரும் ஒரு விபத்து ஆராய்ச்சியாளரும் சிற்பிக்கு யோசனை சொன்னார்கள். கார் விபத்தில் சாகாமல் பிழைக்க வேண்டுமானால் மனிதன் இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும்!

அப்படிப் பிறக்கவில்லையே. ஆகையால் சாலையை மனிதனுக்கு ஏற்றபடி மாற்றுவோம் என்பது புதிய கொள்கை. 1997-ல் ஸ்வீடன் தேசம் தொடங்கிவைத்த கொள்கை இது. மனிதன் தவறுவான், கண் அயர்வான், அந்தத் தவறுக்குத் தண்டனை மரணமாக இருக்கக் கூடாது. நெடுஞ்சாலைகளின் ஓரத்திலும் நடுவிலும் விக்டோரியாவில் கம்பிவடத் தடுப்புக்கள் கட்டினார்கள். தூக்கத்தில் விலகிய கார் மரத்தில் மோதாமல் கம்பியில் சாய்ந்து நிற்கும். கிராமத்துத் தீயணைப்புத் தொண்டர்களோ, சாலையை விட்டு இறங்க வழி இல்லாமல் போகிறதே என்று குறைப்பட்டுக் கொண்டார்கள்.

2020-ல் 200-க்கும் கீழே கொண்டுவருவது லட்சியம். கொரோனா காரணமாக ஊர் அடங்கிக் கிடந்த அந்த வருஷத்தில்கூட 211-க்குத்தான் வந்தது. பிறகு ஏறத் தொடங்கியது. 2023-ல் ஏறத்தாழ 295 பேர். அதற்கு முந்திய பதினான்கு வருஷங்களில் எந்த வருஷத்திலும் இத்தனை பேர் மாண்டதில்லை. நாலில் மூன்று பேர் மெல்போர்னில் வசிக்கும் ராஜ்யத்தில், மாண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நாட்டுப்புறச் சாலைகளில் மாண்டார்கள். 100 கிலோ மீட்டர் வேகம், இரண்டு பக்கமும் மரம், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. எல்லா ஊருக்கும் கம்பித் தடுப்புக் கட்டி முடியுமா? ஜனத்தொகை 1970-ல் இருந்ததைப்போல் இரு மடங்கு ஆகியும் பலி மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பது ஆறுதல். 2030-க்குள் பலியைப் பாதியாக்குவது என்று போட்ட திட்டத்துக்கு அந்த ஆறுதல் போதாது.

2023 ஜூலை முதல் அங்கே புதுவிதக் காமிராக்கள் அபராதம் போடத் தொடங்கின. அவை உயரத்தில் இருந்து கார்க் கண்ணாடி வழியே உள்ளே பார்க்கின்றன. ஓட்டுகிறவர் கையில் டெலிபோன் இருக்கிறதா, இடுப்பில் பெல்ட் இருக்கிறதா என்று படம் பிடிக்கின்றன. சட்டம் வந்து 50 வருஷத்துக்கு மேல் ஆகியும், பெல்ட் இல்லாமல் அகப்படுகிறவர்கள் இருக்கத்தான் இருக்கிறார்கள்.