திரும்பாத சாவி

அகத்தியர் மலையடிவாரத்திலுள்ள போனக்காட்டுக்கு, விதுராவைக் கடந்து மலையேற வேண்டும். தேயிலைத் தோட்ட வேலைக்காகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்குண்டு. ஆலை ஓய்ந்துபோனபின், பிழைப்புக்கும் வைத்தியத்துக்கும் கீழே இறங்க வேண்டியிருப்பதால், மோட்டார் சைக்கிள் அவர்களுக்கு ஆடம்பரப் பொருளன்று. நள்ளிரவில் குழந்தைக்குச் சுரம் கண்டு, சாவி திரும்ப மறுத்தால் என் செய்வது?

நாமும் ஒருமுறை ஆத்திரத்தில் முறுக்கிச் சாவியை வளைத்துக்கொண்டவர்களே!

பூட்டின் உருளைக்குள் சுருள்வில் தாங்கும் சிறு தகடுகள் உள்ளன. சாவியின் வெட்டுகள் அவற்றை ஒரே மட்டத்திற்குக் கொணர்ந்தால்தான் உருளை சுழலும். மழையும் புழுதியும் புகுந்து ஒரு தகடு ஒட்டிக்கொண்டாலும் போதும், சாவி நின்றுவிடும்.

நம்மவர் உடனே தேடுவது தேங்காயெண்ணெயை. ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். மலைக் குளிரில் கேட்கவும் வேண்டுமோ! நீர்த்த துருநீக்கி எண்ணெயைச் சிறிது செலுத்தி, சற்றுப் பொறுத்து, சாவியைப் பலமுறை நுழைத்தெடுத்து அழுக்கைத் துடைத்தல் வேண்டும். நன்கு உலர்ந்தபின் கிராஃபைட் பொடி சிறிது இட்டால், தூசி ஒட்டாமல் வழுக்கும்.

கைப்பிடிப் பூட்டாயின் பெரும்பாலும் குற்றம் பூட்டினுடையதன்று. கைப்பிடியின் பாரம் அழுத்துவதால் எஃகுத் தாழ் தன் குழியில் இறுகி நிற்கும். கைப்பிடியை இருபுறமும் மெல்ல அசைத்தவாறே சாவியைத் திருப்புக.

தேய்ந்த சாவியைப் பார்த்து மறுசாவி வெட்டினால் தேய்மானமும் கூடவே வரும். வண்டி வாங்கிய நாளில் கிடைத்த இரண்டாம் சாவியைப் பெட்டியடியில் போட்டு வைத்திருக்கும் அன்பர்கள், அதனை இன்றே எடுத்துப் பொருத்திப் பார்ப்பார்களாக.