ஊசி முனையில் ஒரு வீட்டுத் தொழில்: மணித்தியாலத்தை எண்ணாவிட்டால் இலாபம் ஏது?

மடுல்கெல்ல பஸாரில் கடை வைத்திருக்கும் எங்களுக்கு நிறுவை நன்றாகத் தெரியும். ஒரு பொருளைக் கையில் எடுத்தவுடனேயே கொள்விலை எவ்வளவு, வித்தால் என்ன மிஞ்சும் என்று சொல்லிவிடுவோம். ஆனால் எமது வீட்டுப் பெண்களின் கைவேலைக்கு விலை போடும்போது மட்டும் அந்தக் கணக்கு எங்கோ பிழைத்து விடுகின்றது. இதனை மற்றவர்களைக் குறை கூறுவதற்காக நான் எழுதவில்லை. பிழை விட்டவன் நானே.

எனது சகோதரியின் மகள் 2020ஆம் ஆண்டு ஊரடங்கு காலத்தில் ஒரு கைவேலையைப் பழகினாள். கம்பளி மயிரை உருட்டி, ஊசியால் குத்திக் குத்தி இறுக்கி, யானை, அணில், தேவாங்கு என்று உருவங்கள் செய்வது. நூலும் இல்லை, தையலும் இல்லை, பசையும் இல்லை. பொழுதுபோக்காக ஆரம்பித்த வேலை கைகூடி வந்தது. 2024ஆம் ஆண்டின் இறுதியில், கண்டியில் உல்லாசப் பயணிகளுக்குப் பொருள் விற்கும் ஒரு கடையில் கொடுக்கலாம் என்று யோசனை வந்தபோது, விலை கேட்டு என்னிடம் வந்தாள். யானையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பஞ்சு போல் பாரமே இல்லை. “ஆயிரத்து ஐந்நூறு ரூபா போதும்” என்றேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “மாமா, ஒரு யானைக்கு எவ்வளவு நேரம் போற என்டு தெரியுமா?”

தெரியாது. நான் அதைக் கேட்கவே இல்லை.

ஊசி செய்யும் வேலை

இந்தத் தொழிலை விளங்கிக்கொள்ள முதலில் கம்பளியை விளங்கிக்கொள்ள வேண்டும். செம்மறியாட்டின் மயிரின் மேல் மீன் செதில் போன்ற நுண்ணிய செதில்கள் உள்ளன. ஊசியின் முனையருகே சிறு சிறு வெட்டுகள் இருக்கின்றன. குத்தும்போது அந்த வெட்டுகள் மயிரைப் பிடித்து உள்ளே இழுத்துச் செல்ல, செதில்கள் ஒன்றோடொன்று கொழுவி இறுகிக்கொள்கின்றன. ஆயிரக்கணக்கான குத்துகளின் பின்னர்தான் ஓர் உருவம் கெட்டிப்படும்.

ஊசிகளுக்கு இலக்கம் உண்டு. 36ஆம் இலக்கம் தடித்தது. ஆரம்ப வேலைக்கு உரியது. 38 நடுத்தரம். 40 மெல்லியது, கண், மூக்கு போன்ற நுணுக்கங்களுக்கு உரியது. நேராகக் குத்தி நேராகவே எடுக்க வேண்டும். சரித்தால் ஊசி ஒடிந்து விடும்.

இந்த ஊசி முதலில் கைவேலைக்காகச் செய்யப்பட்டதல்ல. நெய்யாமலே துணி விரிப்புச் செய்யும் தொழிற்சாலை இயந்திரங்களில் ஆயிரக்கணக்கில் பொருத்தப்படுவது. 1980களில் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட், எலினோர் ஸ்டான்வுட் தம்பதியினர் அதனைக் கையால் பயன்படுத்தத் தொடங்கினர். பின்னர் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இது பெரும் பொழுதுபோக்காகப் பரவியது. இதே முறையில் தென்னந்தும்பை இயந்திர ஊசிகளால் குத்தி விரிப்பாக்கி எமது நாட்டிலிருந்தும் ஏற்றுமதி செய்கின்றார்கள். எனவே இந்தத் தொழில்நுட்பம் இலங்கைக்குப் புதிதல்ல. அது வீட்டு மேசைக்கு வந்ததுதான் புதிது.

கணக்கு எங்கே பிழைத்தது?

இப்போது யானையின் கணக்கைப் பார்ப்போம். கம்பளி, தேய்மானமாகும் ஊசி, பஞ்சு மெத்தைத் துண்டு, பொதி எல்லாமாக 400 ரூபா. வேலை நேரம் 9 மணித்தியாலம். 1,500 ரூபாவில் 400 கழிந்தால் மிஞ்சுவது 1,100. ஒரு மணித்தியாலத்திற்கு 122 ரூபா.

எங்கள் கடைக்கு முன்னால் தினமும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நடந்து போகிறார்கள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளியான அவர்களது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் 169 ரூபா. அந்தச் சம்பளமே வாழப் போதாது என்று அவர்கள் ஆண்டாண்டு காலமாகப் போராடி வருகிறார்கள். அதிலும் குறைந்த கூலிக்கு எனது மருமகளின் கைவேலையை நான் விலை பேசியிருக்கின்றேன்!

அதே 169 ரூபாவைக் கூலியாக வைத்தாலும் 9 மணித்தியாலத்திற்கு 1,521 ரூபா. பொருட்செலவு 400ஐச் சேர்த்தால் 1,921. இது வெறும் அடக்கவிலை. கடைக்காரர் நூற்றுக்கு 40 வீதம் தன் பங்காக எடுத்தால், கடையில் 3,200 ரூபாவுக்கு விற்றால்தான் அடக்கமாவது கைக்கு வரும். அதற்கு மேல் வருவதே இலாபம்.

“வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே” என்பது எம்மவர்கள் வழமையாகக் கூறும் நியாயம். கடையில் கூலியாள் ஒருவர் வாடிக்கையாளர் வராமல் சும்மா இருக்கும் நேரத்திற்குச் சம்பளத்தை வெட்டுகிறோமா? இல்லையே!

விலை கூடினால் வாங்குவார்களா?

வியாபாரி கேட்கும் அடுத்த கேள்வி இதுதான். இதற்கு எமது நாட்டிலேயே பதில் இருக்கின்றது. பார்பரா சன்சோனி 1964இல் ஆரம்பித்த ‘பெயார்ஃபுட்’ நிறுவனமும், சாண்ட்ரா வந்துராகல 1991இல் குருநாகலில் ஆரம்பித்த ‘செலின்’ நிறுவனமும் கைத்தறித் துணியில் விலங்குப் பொம்மைகள் செய்து விற்று வருகின்றன. கொழும்பு புறக்கோட்டையில் இறக்குமதிப் பொம்மை இதைவிட எவ்வளவோ மலிவு. என்றாலும் இவற்றைத் தேடி வாங்குவோர் இருக்கின்றனர். அவர்கள் வாங்குவது துணியின் நிறையை அல்ல. கிராமத்துப் பெண்ணின் கைத்திறனை. செலின் அதனை நியாய வர்த்தகம் என்ற பெயரிலேயே உலகச் சந்தையில் சொல்லி விற்கின்றது.

நேபாளத்தையும் பாருங்கள். நியூசிலாந்துக் கம்பளியை இறக்குமதி செய்து, பெரும்பாலும் சவர்க்கார நீரில் பிசையும் முறையில் பந்து, பாதணி, பொம்மை செய்து மேலைநாடுகளுக்கு அனுப்புகின்றார்கள். மூலப்பொருள் பிறநாட்டினுடையது, பெறுமதி சேர்ப்பது காத்மண்டுப் பெண்களின் கை. எமக்கும் கம்பளி வெளியிலிருந்துதான் வரவேண்டும். 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது இறக்குமதியை நம்பிய தொழில்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. ஆகவே ஆறு மாதத்திற்குரிய கம்பளியையும் ஊசியையும் கையிருப்பில் வைத்திருப்பது புத்திசாலித்தனம். பாரமில்லாத சரக்கு, இடமும் பிடிக்காது.

சந்தை எமது வாசலிலேயே உண்டு. 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டில் எமது நக்கிள்ஸ் மலைத்தொடரும் அடங்கும். அதைப் பார்க்க வருபவர்களிற் பலர் மடுல்கெல்ல வழியாகத்தான் போகிறார்கள். உலகில் வேறெங்கும் இல்லாத இலைமூக்கு ஓணான் இந்த மலையில் வாழ்கின்றது. எல்லா ஊரிலும் கிடைக்கும் யானையை விட, இந்த ஓணானுக்கு இங்கே மதிப்பு அதிகம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

வாசகர்களில் பலர் மனதில் எழும் கேள்வியைத் தவிர்த்துப் போக முடியாது. உயிருள்ளவற்றின் உருவத்தைச் செய்து விற்கலாமா?

ஆயிஷா (ரழி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகளோடு விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்பது புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. அவரிடம் சிறகுள்ள குதிரைப் பொம்மை இருந்ததாக அபூதாவூதில் வருகின்றது. இதனடிப்படையில் சிறுவர் விளையாட்டுப் பொம்மைகளைப் பெரும்பாலான உலமாக்கள் அனுமதிக்கின்றனர். அலங்காரத்துக்காக வைக்கும் முழு உருவங்களை அனுமதிப்பதில்லை.

சிக்கல் இங்கேதான். கண்ணாடி மணிக் கண்ணும் உள்ளே கம்பியும் வைத்த கம்பளி உருவம் குழந்தைகள் கையில் ஆபத்தானது. மணி கழன்றால் வாய்க்குள் போகும். எனவே பல நாடுகளிலும் இவற்றை விளையாட்டுப் பொருள் என்றல்லாமல், அலங்காரப் பொருள் என்றே விற்கின்றார்கள். சந்தை கேட்பது ஒன்று, மார்க்கம் விடும் வழி இன்னொன்று.

மருமகள் ஊரிலுள்ள மௌலவி ஒருவரிடம் கேட்டுத் தெளிந்தாள். கம்பியையும் மணியையும் கைவிட்டாள். கண்ணையும் கம்பளியாலேயே குத்தினாள். நன்றாக இறுக்கி, மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கென்று சீட்டு ஒட்டினாள். ஒவ்வொன்றையும் முடித்த பின் காந்தத்தால் தடவிப் பார்க்கிறாள். ஊசி ஒடிந்தால் துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, ஒன்று குறைந்தாலும் அந்தப் பொம்மையை விற்பதில்லை. அலங்காரப் பொருள் கேட்பவர்களுக்குக் கம்பளியிலேயே நக்கிள்ஸ் மலைக் காட்சி, தேயிலைக் கொழுந்து, பூக்கள் செய்து கொடுக்கிறாள். இந்த மலைக் காட்சிகளே இப்போது கூடுதலாக விலைபோகின்றன.

உங்கள் வீட்டிலும் இருக்கலாம்

ஒவ்வொரு வீட்டிலும் தையலோ, கேக்கோ, பின்னலோ தெரிந்த ஒரு பிள்ளை இருக்கிறாள். வியாபாரம் தெரிந்த நாம் அவர்களுக்குச் செய்யக்கூடியவை சில உண்டு. முதலில் ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்து, தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். அந்த நேரத்திற்குக் கூலி வைத்த பின்னரே விலை பேசுங்கள். பிரதேச செயலகத்தினூடாக வியாபாரப் பெயரை அவளது பெயரிலேயே பதியுங்கள். 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவையை அணுகுங்கள். வரும் பணம் அவள் கையில் சேர்வதையும் உறுதிப்படுத்துங்கள்.

தன் கையால் உழைத்து உண்பதை விடச் சிறந்த உணவில்லை என்பது நபிமொழியின் கருத்து. அந்தக் கைக்கு உரிய கூலியைக் குறைத்து மதிப்பிடுவது, அது நம் வீட்டுப் பிள்ளையின் கையாக இருந்தாலும், நிறுவையில் குறைப்பதற்குச் சமமானதே.

அந்த யானையின் விலை இப்போது 3,500 ரூபா. விலையைச் சொன்னவள் அவள்தான். நான் இம்முறை வாய் திறக்கவில்லை. எமது உழைப்பில் அல்லாஹ் பரகத் செய்வானாக.