மாமாவுக்குப் பல் போச்சு!

காலை ஆறு மணி. மாமாவிடமிருந்து போன்.

"மருமவனே, பல்லு போச்சுலே!"

பதறிப் போனேன். மாமாவுக்கு வயசு அறுபத்திரண்டு. முதல் நாள் சாயங்காலம்தான் கை முறுக்கைக் கடக்முடக்கென்று கடித்துக் கொண்டிருந்தார். "வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்புளிங்க மாமா. பத்து மணிக்கு டாக்டர் வந்துருவாரு" என்று ஆறுதல் சொன்னேன்.

"கூறு கெட்டவனே! எனக்கில்லலே... மூணாம் நம்பர் தறிக்கு!"

சங்கரன்கோவில் என்றால் உங்களுக்கு ஆடித்தபசு ஞாபகம் வரும். நாக்கு நீளமானவர்களுக்கு பிரியாணி ஞாபகம் வரும். ஆனால், சாதாரண நாளில் எங்கள் தெருக்களில் நடந்து பாருங்கள்... காதில் விழுவது 'சடக்... சடக்...' என்கிற விசைத்தறிச் சத்தம்தான். மாமாவுக்கு நாலு தறி. நான் பி.காம். அவருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பேன், பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பேன். 'ரெண்டுலயும் வருமானம் ஒண்ணுதான்' என்பாள் அத்தை.

தறிக் கொட்டகைக்குப் போனேன். மூன்று தறி ஓட, மூன்றாம் நம்பர் மட்டும் மௌன விரதம். அதை ஓட்டுகிற அக்கா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பதினோரு வருஷமாக அதே தறி. மீட்டர் கணக்குக் கூலி. தறி நின்றால் கூலியும் நின்றது.

"பல்லு போனது தறிக்கு, தம்பி. பட்டினி எனக்கு" என்றார். சிரித்துக் கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கீழே கிடந்தது ஒரு பெரிய வார்ப்பிரும்புச் சக்கரம். வரிசையாக இரண்டு பல் இல்லை. இரண்டு வருஷத்தில் இது மூன்றாவது சக்கரம். அதிசயம் என்னவென்றால், மூன்று முறையும் உடைந்தது ஒரே இடத்துப் பல்! மாமா, கண் திருஷ்டி என்றார். புளியங்குடி எலுமிச்சம்பழம் வாசலில் தொங்கியது. மேஸ்திரியோ, "வார்ப்பு சரியில்ல அண்ணாச்சி" என்று பட்டறைக்காரர் தலையில் பழியைப் போட்டார்.

நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே... "ஏன் மாமா ஒரே இடத்துல உடையுது?" என்று கேட்டு வைத்தேன். அந்த ஒரு கேள்வி என்னை எங்கெங்கோ இழுத்துப் போய்விட்டது!

ஒரு நாளைக்கு 84,000 அடி

முதலில் தறியைப் பார்த்துவிடுவோம். மேலே ஒரு தண்டு. அது ஒரு சுற்று சுற்றினால் ஊடை இழையை ஒரு தடவை நெருக்கித் தட்டும். கீழே இன்னொரு தண்டு. நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்து அனுப்புவது அதன் வேலை. கீழ்த்தண்டு ஒரு சுற்று சுற்றுவதற்குள் நாடா இடமிருந்து ஒரு தடவை, வலமிருந்து ஒரு தடவை ஓடவேண்டும். அதாவது, மேல்தண்டு இரண்டு சுற்று, கீழ்த்தண்டு ஒரு சுற்று. அதனால் கீழ்ச்சக்கரத்துக்கு மேல்சக்கரத்தைப் போல சரியாக இரண்டு மடங்கு பல்.

இப்போது நம்ம காமர்ஸ் கணக்கு. நிமிஷத்துக்கு 140 ஊடை என்று வைத்தால் மணிக்கு 8,400. பத்து மணி நேரத்துக்கு 84,000. ஒவ்வொன்றுக்கும் நாடாவை அடிக்கிற அடி பல்லில்தான் இறங்கும். மாசம் இருபத்தைந்து நாள் ஓடினால் 21 லட்சம் அடி. நமக்கு ஒரே ஒரு அடி விழுந்தாலே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறோம்!

மாமா பையன் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். கையில் ஒரு தடிப் புத்தகத்தோடு வந்தான். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வெளியிட்ட 'டிசைன் டேட்டா புக்.' இதைப் பரீட்சை ஹாலுக்குள்ளேயே கொண்டுபோய்ப் பார்த்து எழுதலாமாம். எங்களுக்கெல்லாம் ஐந்தொகையைப் பார்த்து எழுத விட்டிருந்தால் நானும் இந்நேரம் ஆடிட்டர், ஸார்!

"அத்தான், முருங்கை மரத்துல கிளை எங்க முறியும்?" என்று கேட்டான்.

"மரத்தோட சேர்ற இடத்துல."

"பல்லும் அப்படித்தான். நுனியில தள்ளினா அடியில முறியும்."

இந்த முருங்கைக்கிளைக் கணக்கை முதலில் ஒரு சூத்திரமாகப் போட்டவர் வில்ஃப்ரெட் லூயிஸ் என்ற அமெரிக்கர். 1892-ல் ஃபிலடெல்ஃபியா இன்ஜினீயர்கள் சங்கத்தில் அதைச் சொன்னார். ஒரு பல்லை, சுவரில் ஒரு பக்கம் மட்டும் பதித்த கட்டையாக நினைத்துக்கொள். அதன் அடிவாரம் எவ்வளவு தாங்கும் என்று பார்! இவ்வளவுதான் விஷயம். நூற்றி முப்பது வருஷம் தாண்டியும் நம்ம பையன்கள் அந்தக் கணக்கிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். கம்ப்யூட்டர் வந்து அந்த அடிவாரத்தை ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரித்துக் காட்டுகிறது. ஆனால், விரிசல் விழுகிற இடம் மாறவில்லை.

ஜவுளிக்கடையிலிருந்து வந்த மகான்

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்துப்போன ஆள் எட்வின் ஃபெலோஸ். ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். கண்ணாடி ஜன்னலில் துணிகளை அழகாக மாட்டி வைப்பது அவர் உத்தியோகம். அந்த மனிதர் இயந்திரத் தொழிலுக்கு வந்து, பல் வெட்டும் புது மாதிரி மிஷின் ஒன்றைக் கண்டுபிடித்து 1896-ல் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார்! பல்சக்கர வடிவத்திலேயே ஒரு வெட்டுளி. அது மேலும் கீழும் செதுக்கியபடி, வெட்டப்படும் சக்கரத்தோடு ஜோடியாகச் சுழலும். இரண்டும் ஒன்றோடு ஒன்று ஓடுவது போலவே ஓடி, பல் உருவாகிவிடும். பி.காம். படித்தவன் பல்சக்கரம் பற்றி எழுதலாமா என்று யாராவது கேட்டால், இவரைத்தான் சாட்சிக்கு இழுப்பேன்.

இன்னொரு கதையும் உண்டு. ஜெர்மனியில் பிட்லர் என்பவர் 1910-ல் ஒரு யோசனைக்குக் காப்புரிமை கேட்டார். வெட்டுளியையும் சக்கரத்தையும் சாய்வாக வைத்து, இரண்டையும் வேகமாகச் சுழலவிட்டு, தோலை உரிப்பது போல இரும்பைச் சீவிப் பல் எடுப்பது. நல்ல யோசனைதான். ஆனால், இரண்டின் சுழற்சியும் மயிரிழை பிசகாமல் சேர்ந்து போகவேண்டும். அன்றைய மிஷின்களுக்கு அந்த உறுதி இல்லை. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு மிஷின்கள் வந்த பிறகுதான், இந்த நூற்றாண்டில், அது தொழிற்சாலைகளில் பரவியது. வளையத்தின் உள்பக்கத்தில் பல் வெட்ட இப்போது இது பெரிய வரப்பிரசாதம். யோசனை நூறு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. நம்ம கட்டுரைகள் பத்திரிகை ஆபீஸில் ஆறு மாசம் உட்காருவதற்குப் போய் அலுத்துக்கொள்கிறோம்!

சங்கரநாராயணர் பல்

பல் உடையாமல் இருக்க என்ன வழி? வெளியே வைரம், உள்ளே வெண்ணெய் என்பதுதான் தத்துவம். முழுக்கக் கெட்டியாக்கினால் கண்ணாடி மாதிரி உடையும். முழுக்க மெதுவாக விட்டால் சோப்பு மாதிரி கரையும். அதனால் எஃகுப் பல்லை 900 டிகிரிக்கு மேல் காய்ச்சி, மேல்தோலில் மட்டும் கரியை ஏற்றிச் சட்டென்று குளிரவைக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தோல் கெட்டிப்படும். உள்ளே அடி தாங்கும். பிறகு பல்லின் அடிவாரத்தில் குட்டிக் குட்டி இரும்புக் குண்டுகளை மழையாகப் பொழிகிறார்கள். மேல்தோல் இறுகி நெருங்கிவிடுவதால் விரிசல் வாய் திறக்கச் சிரமப்படும்.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். பெரும்பாலான சக்கரங்கள் ஒரே திசையில்தான் சுற்றுகின்றன. பல்லின் ஒரு பக்கம் உழைக்கிறது, மறுபக்கம் சும்மா இருக்கிறது. அப்புறம் எதற்கு இரண்டு பக்கத்துக்கும் ஒரே வடிவம்? ஒரு பக்கம் ஒரு சாய்வு, மறுபக்கம் வேறு சாய்வு கொடுத்து அடிவாரத்தைப் பலப்படுத்தலாமே? சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் முத்துவீரப்பன் குழுவினர் இந்த ஏறுமாறான பல்லை ஆராய்ந்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். "ஒரு பாதி ஒண்ணு, மறுபாதி வேறயா? இதுக்கு எதுக்குலே ஐ.ஐ.டி.? நம்ம கோயில்ல சங்கரநாராயணர் எத்தனை காலமா நிக்காரு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நைலான் ஆசை

பஜாரில் ஒரு கடைக்காரர் மாமாவிடம், "நைலான் வீலு போடுங்க அண்ணாச்சி. சத்தமே வராது, எண்ணெய்யும் வேண்டாம்" என்று ஆசை காட்டியிருக்கிறார். மாமாவும் பர்ஸைத் திறந்துவிட்டார்.

மாமா பையன் தடுத்தான். நைலானுக்குச் சூடுதான் எமன். பல் வளைந்து நிமிர்ந்து உராயும்போது உண்டாகிற சூடு, இரும்பில் என்றால் சட்டென்று பரவி வெளியேறும். நைலானில் அங்கேயே தங்கிப் பல்லை இளக்கிவிடும். சென்னை ஐ.ஐ.டி.யில் செந்தில்வேலனும் ஞானமூர்த்தியும் சாதா நைலான், கண்ணாடி இழை கலந்தது, கார்பன் இழை கலந்தது என்று மூன்று விதச் சக்கரங்களை ஓடவிட்டு, எது எப்படிச் சேதமாகிறது என்று பார்த்து 2004-ல் எழுதியிருக்கிறார்கள். லேசான வேலைக்கு நைலான் தங்கம். நாடா அடியைத் தாங்குகிற கீழ்ச்சக்கரத்துக்கு அது ஆகாது. மாமா பர்ஸை மூடினார். பர்ஸை மூடுவதில் அவருக்கு எப்போதுமே தாமதம் கிடையாது.

அக்காவின் காது

எல்லாம் சரி... ஒரே இடத்தில் ஏன் உடைகிறது?

மோட்டார் வண்டிகளில் பல் எண்ணிக்கையைப் பொதுவாக 13-க்கு 41 என்பது போலப் பொது வகுத்தி இல்லாமல் வைப்பார்கள். ஒரு பல் ஒரு தடவை சந்தித்த பல்லை மறுபடி சந்திக்க 41 சுற்று ஆகும். தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் பங்கு பிரியும். தறியில் அது நடக்காது. சரியாக ஒன்றுக்கு இரண்டு இருந்தே தீரவேண்டும். அதனால், இடது பக்க அடி எப்போதும் கீழ்ச்சக்கரத்தின் அதே இரண்டு மூன்று பல்லில்தான் விழும். வலது பக்க அடி, நேர் எதிரே உள்ள பற்களில்.

நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது தூணோரத்திலிருந்து அக்கா குரல்: "இடது பக்கத்துலேருந்து நாடா கிளம்புறப்போ மட்டும் 'டொக்'னு ஒரு சத்தம் கேக்கும் தம்பி. வலது பக்கம் கேக்காது. ஒவ்வொரு தடவை உடையறதுக்கு முந்தியும் கேட்டிருக்கேன். சொன்னா யாரு கேக்கா?"

மாமா பையன் வாயைப் பிளந்தான். தேவர்குளம், கயத்தாறு பக்கம் காற்றாலைகள் பார்த்திருப்பீர்கள். மெதுவாகச் சுற்றும் அந்த இறக்கையை, உள்ளே இருக்கும் கியர் பெட்டி நிமிஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்றாக மாற்றுகிறது. அத்தனை உயரத்தில் உடைந்தால் கிரேன் வாடகையே கண்ணைக் கட்டும். அதனால் பெட்டியின் மேல் அதிர்வு உணரும் கருவிகளை ஒட்டி வைத்துக் கேட்கிறார்கள். ஒரு பல்லில் விரிசல் இருந்தால், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் ஒரு சின்ன இடறல் பதிவாகும். அதைப் பிரித்தெடுப்பதுதான் இன்றைய பெரிய ஆராய்ச்சிகளில் ஒன்று. அக்கா சொன்னது அதையேதான்! இரண்டு ஊடைக்கு ஒரு 'டொக்' என்றால் கீழ்ச்சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒன்று. எந்தக் கருவியும் இல்லாமல், நாலு தறிச் சத்தத்துக்கு நடுவே கேட்டிருக்கிறார்.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். நாடாவை அடிக்கிற அடி இடது பக்கம் மட்டும் தேவைக்கு மேல் பலமாக வைக்கப்பட்டிருந்தது. வைத்தவர் அவரேதான்! தலையைச் சொறிந்துகொண்டே அடியைக் குறைத்தார். "புது வீலுக்கு ஆறு மாசம் கழிச்சு சாவி வெட்டைக் கால் சுத்து மாத்தி வெட்டிருவோம் அண்ணாச்சி. அடி வேற பல்லுக்குப் போயிரும்" என்றார். திருஷ்டியும் இல்லை, பட்டறைக்காரர் மேல் குற்றமும் இல்லை.

ராத்திரி கணக்கு எழுத உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்தில் அந்தத் தறி நின்ற நாட்கள் மொத்தம் ஒன்பது. ஒன்பது நாளும் அக்காவுக்குக் கூலி பூஜ்யம். காது கொடுத்துக் கேட்டிருந்தால் முதல் சக்கரத்தோடு முடிந்திருக்கும்.

"மாமா, அந்த ஒம்பது நாள் கூலியை அக்காவுக்குக் குடுத்துருங்க" என்றேன்.

மாமா ஓட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் அத்தையைப் பார்த்தார். அத்தையின் முகத்தில் என்ன தெரிந்ததோ... "சரிலே, எழுது. என்ன தலைப்புல எழுதுவே? தறி நின்னதுக்குக் கூலின்னு எழுதினா நாளைக்கு ஊரே வந்து நிக்குமே!"

எழுதிவிட்டேன்: 'பல்சக்கர ஆராய்ச்சிச் செலவு.'